பம்ப்ல 30 மில்லி தான் வருது, பாப்பாவுக்கு பால் பத்தலையா? வேலைக்கு வேற திரும்பணும்

மழலைமொழி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப குழப்பத்துல எழுதுறேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க. முதல் குழந்தை, பொண்ணு, சிசேரியன், இப்ப அஞ்சு வாரம் தாண்டிருச்சு. ஆரம்பத்துல சீம்பால் சொட்டு சொட்டா தான் வந்துச்சு, பால் நல்லா இறங்க நாலு நாள் ஆச்சு, அதுக்குள்ள ஆஸ்பத்திரியில ரெண்டு மூணு தடவை ஃபார்முலா (பவுடர் பால்) குடுத்தாங்க. வீட்டுக்கு வந்ததுல இருந்து என் பால் மட்டும் தான்.

பகல்ல பரவால்ல, ரெண்டு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒருக்கா குடிக்கிறா, தூங்குறா. சாயங்காலம் ஆனா தான் ஆரம்பிக்குது. குடிச்சுட்டே இருக்கா, எடுத்தா அழுகை, திரும்ப வெச்சா சப்புறா, அஞ்சு நிமிஷத்துல விட்டுட்டு மறுபடி அழுகை, இப்படியே ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓடுது. பாக்குறவங்க எல்லாம் "பால் பத்தல, அதான் புள்ள ஏங்குது"ன்னு சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது, ஏன்னா முதல் மூணு வாரம் மார்பு கெட்டியா கனத்து கிடக்கும், பால் தானா ஒழுகும், இப்ப தொளதொளன்னு ஆயிடுச்சு, ஒழுகுறதும் நின்னு போச்சு.

சரி எவ்வளவு தான் ஊறுதுன்னு பாத்துடலாம்னு எலெக்ட்ரிக் பம்ப் வாங்கினேன். பாப்பா குடிச்சு முடிச்சதும் இருபது நிமிஷம் வெச்சேன், ரெண்டு பக்கமும் சேத்து 30 மில்லி. அதைப் பாத்ததும் அழுகையே வந்துடுச்சு. ஃபுல் ஸ்பீடுல வெச்சும் அவ்வளவு தான், காம்பு வேற எரியுது, சுத்தி இருக்குற கருப்பு பகுதியும் சேந்து குழாய்க்குள்ள இழுத்துக்குது. இடது பக்கம் ஏற்கனவே வெடிப்பு இருக்கு, பாப்பா விட்டதும் பாத்தா காம்பு ஒரு பக்கமா நசுங்கி சரிஞ்சு இருக்கு.

எடை பிறந்தப்ப 2.9, டிஸ்சார்ஜ் அப்போ 2.7, போன செக்கப்ல 3.7. யூரின் ஒரு நாளைக்கு ஏழு எட்டு டயப்பர் நனையுது. மூணு மாசம் முடிஞ்சதும் நான் வேலைக்கு போயே ஆகணும், ஒன்பது மணி நேரம் வெளிய இருப்பேன். இப்பவே ஃபார்முலா ஆரம்பிச்சுடவா? இல்ல பம்ப் பண்ணி சேத்து வெக்க முடியுமா, எவ்வளவு சேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கயல்அம்மா:

அழாதம்மா. நீ எழுதுனதுலயே பதில் இருக்கு பாரு. 2.7ல இருந்து 3.7, ஒரு மாசத்துல ஒரு கிலோ ஏறிருக்கா. இந்த வயசுல ஒரு நாளைக்கு 20ல இருந்து 30 கிராம் ஏறினாலே போதும், உன் பொண்ணு அதைத் தாண்டி நிக்குறா. முதல் வாரத்துக்கு அப்புறம் ஆறு டயப்பருக்கு மேல நனையுதுன்னா உள்ள போன பால் தானே வெளிய வருது, வேற எங்க இருந்து வரும். பால் பத்தலன்னு சொல்றவங்க கிட்ட எடை சீட்டை காட்டு.

சாயங்காலம் விடாம குடிக்கிறதுக்கு கிளஸ்டர் ஃபீடிங்னு பேரு. இந்த வயசுல நிறைய குழந்தைங்க பண்ணும், ஆறாவது வாரம் வாக்குல உச்சத்துல இருக்கும், அப்புறம் மெதுவா குறையும். அந்த நேரத்துல நீ ஒரு இடத்துல சாஞ்சு உக்காந்துக்கோ, தண்ணி பக்கத்துல வெச்சுக்கோ, வேற வேலையை யாராச்சும் பாக்கட்டும். நடுவுல ஒரு தடவை வேற யாராவது தோள்ல போட்டு நடந்தா அவளும் கொஞ்சம் அடங்குவா, உனக்கும் கை ஓயும். எல்லா அழுகையும் பசி அழுகை இல்ல, சாயங்காலத்துல களைச்சு போய் தூங்கத் தெரியாமலும் அழுவாங்க.

வெண்பா_நர்ஸ்:

நான் பிரசவ வார்டுல நர்ஸா இருக்கேன், தாய்ப்பால் ஆலோசனையும் குடுக்குறேன். கயல்அம்மா சொன்னது சரி, குழந்தைக்கு பால் பத்துது. மத்ததை ஒவ்வொண்ணா சொல்றேன்.

மார்பு தளர்ந்தது பால் வத்தினதால இல்ல. முதல் சில வாரம் உடம்பு ஹார்மோன் வேகத்துல தேவைக்கு மேல சுரக்கும், கூடவே வீக்கமும் இருக்கும். அதுக்கப்புறம் எவ்வளவு பால் வெளிய போகுதோ அவ்வளவு தான் சுரக்கணும்னு கணக்கு சரி பண்ணிக்கும். நாலுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள இது நடக்கும், ஒழுகுறதும் பல பேருக்கு அப்ப தான் நிக்கும். இந்த நேரத்துல பால் வத்திடுச்சுன்னு பயந்து ஃபார்முலா ஆரம்பிச்சு, குழந்தை மார்புல குடிக்கிறது குறைஞ்சு, அதனாலயே பால் நிஜமா குறைஞ்சு போன அம்மாக்களை நான் நிறைய பாத்திருக்கேன், அதனால தான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

இப்ப அந்த 30 மில்லி. குழந்தை குடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் மிச்சம் எடுத்தது அது! குடிச்ச பிறகு 15ல இருந்து 30 மில்லி வந்தா நல்ல அளவு. குழந்தைக்கு குடுக்காம அதுக்கு பதிலா பம்ப் பண்ணா தான் ரெண்டு பக்கமும் சேத்து 60ல இருந்து 120 வரைக்கும் எதிர்பாக்கலாம். அப்பவும் பம்ப் காட்டுற அளவை வெச்சு உங்க சுரப்பை முடிவு பண்ணாதீங்க. குழந்தையோட வாய், நாக்கு, உடம்புச் சூடு, அந்த வாசனை இதுக்கெல்லாம் ஆக்ஸிடோசின்ங்கற ஹார்மோன் நல்லா சுரந்து பால் இறங்கும், பிளாஸ்டிக் குழாய்க்கு அப்படி எல்லாருக்கும் இறங்காது. குழந்தை கொழுகொழுன்னு வளரும், பம்ப்ல மட்டும் கொஞ்சமா வரும், இப்படி இருக்குற அம்மாக்கள் ஏராளம்.

காம்பு நசுங்கி சரிஞ்சு வருதுன்னீங்களே, எனக்கு கவலை அங்க தான். லிப்ஸ்டிக் முனை மாதிரி சாய்வா இருந்தா குழந்தை காம்பை மட்டும் கவ்வுறான்னு அர்த்தம், காம்பு அவ வாயோட கெட்டியான மேலண்ணத்துல நசுங்குது. வெடிப்பு அதனால தான், க்ரீம் போட்டா ஆறும், அடுத்த ஃபீட்ல மறுபடி வெடிக்கும். லாட்சை, அதாவது குழந்தை மார்பைக் கவ்வுற விதத்தை, சரி பண்ணுங்க. குழந்தையோட வயிறு உங்க வயித்தோட ஒட்டி இருக்கணும், காது தோள் இடுப்பு ஒரே நேர்ல இருக்கணும், கழுத்தைத் திருப்பி குடிக்கக் கூடாது. காம்பு அவ மூக்குக்கு நேரா வர்ற மாதிரி பிடிச்சு மேல் உதட்டை லேசா தடவுங்க, கொட்டாவி விடுற அளவுக்கு வாயைத் திறப்பா, அந்த நொடியில குழந்தையை உங்க பக்கம் அணைச்சுக்கோங்க. நீங்க குனிஞ்சு மார்பை வாய்க்குள்ள திணிக்காதீங்க, முதுகு தான் போகும். தாடை முதல்ல மார்புல பதியணும், கருப்பு பகுதி கீழ்ப்பக்கம் அதிகமா வாய்க்குள்ள போயிருக்கணும், மேல்பக்கம் கொஞ்சம் வெளிய தெரியலாம். முதல் அரை நிமிஷம் சுருக்குன்னு இழுத்தா பரவால்ல, அதுக்கப்புறமும் வலிச்சா சுண்டு விரலை வாயோரத்துல விட்டு பிடியை விடுவிச்சுட்டு திரும்ப வைங்க. சிசேரியன் தையல் இன்னும் உறுத்துச்சுன்னா குழந்தையை அக்குள் பக்கமா இடுக்கிப் பிடிக்கிற முறை நல்லா இருக்கும், இல்லன்னா சாஞ்சு படுத்துக்கிட்டு நெஞ்சு மேல குறுக்கால போட்டுக்கோங்க. இவ்வளவு பண்ணியும் ஒரு வாரத்துல வலி குறையலன்னா நாக்கு கீழ ஒட்டி இருக்கான்னு டாக்டர் கிட்ட ஒருக்கா காட்டிடுங்க.

அடுத்து பம்ப். கருப்பு பகுதி உள்ள இழுத்துக்குதுன்னா ஃபிளேன்ஜ், அதான் மார்புல வைக்கிற புனல், உங்களுக்கு பெருசு. பல பம்ப்ல 24 மில்லிமீட்டர் தான் கூட வரும், நிறைய பேருக்கு அதைவிட சின்னது தேவைப்படும். பம்ப் பண்றதுக்கு முன்னாடி காம்போட அடி அகலத்தை ஸ்கேல் வெச்சு மில்லிமீட்டர்ல அளங்க, காம்பை மட்டும், சுத்தி இருக்குற கருப்பை சேக்காம. அந்த அளவுல இருந்து மூணு மில்லிமீட்டர் கூட வரைக்கும் போட்டுப் பாத்து எது வலிக்காம நல்லா எடுக்குதோ அதை வெச்சுக்கோங்க. இடது வலது வேற வேற அளவா இருக்கலாம். ஃபிளேன்ஜுக்குள்ள போடுற சின்ன அளவு இன்சர்ட் தனியாவே கிடைக்குது, முழு செட் மாத்த வேண்டாம்.

ஃபுல் ஸ்பீடு வேண்டவே வேண்டாம் ப்ளீஸ். வலிச்சா பால் இறங்காது, உடம்பு இறுகிக்கும். முதல் ரெண்டு நிமிஷம் வேகமா லேசா இழுக்குற மசாஜ் மோட், பால் பீய்ச்ச ஆரம்பிச்சதும் மெதுவா ஆழமா இழுக்குற மோட், அதுலயும் வலிக்காத அளவு எதுவோ அதான் உங்க அளவு. பால் வர்றது நின்னதும் திரும்ப மசாஜ் மோட் போட்டா இன்னொரு தடவை இறங்கும். கடைசியில ரெண்டு மூணு நிமிஷம் கையால பீய்ச்சுங்க, பம்ப் எடுக்காததை கை எடுக்கும்.

பம்ப்மட்டும்_அம்மா:

சிஸ், என் பையன் குறைமாசம், நேரா குடிக்க தெம்பு இல்லாததால பம்ப் தான் எங்களுக்கு எல்லாமே, மாசக்கணக்குல அதோட தான் வாழ்ந்தேன். நர்ஸ் அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, வால்வு. பம்ப்ல இருக்குற அந்த குட்டி சிலிக்கோன் வால்வு தளர்ந்து போச்சுன்னா சத்தம் வழக்கம்போல வரும், இழுவை மட்டும் செத்திருக்கும், நாம பால் குறைஞ்சுடுச்சுன்னு உக்காந்து அழுவோம். தினமும் பல தடவை பம்ப் பண்ற எனக்கு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தினா தான் சரியா வந்துச்சு, ஒண்ணு ரெண்டு தடவை பண்றவங்களுக்கு ரெண்டு மூணு மாசம் தாங்கும். பால் திடீர்னு பாதியா குறைஞ்சா முதல்ல வால்வை மாத்திப் பாருங்க.

நேரம்னு பாத்தா விடிகாலை தான் எனக்கு அதிகமா வரும், ராத்திரில பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோன் ஏறி இருக்கும்ல அதனால. நீங்க இப்போதைக்கு காலைல முதல் ஃபீட் முடிஞ்சு அரை மணி கழிச்சு ஒரே ஒரு தடவை பம்ப் பண்ணா போதும். முதல் ரெண்டு மூணு நாள் சொட்டு தான் வரும், விடாம அதே நேரத்துக்கு பண்ணீங்கன்னா உடம்பு அந்த நேரத்துக்கும் பால் தயார் பண்ண ஆரம்பிச்சுடும். பவர் பம்பிங்னு ஒண்ணு சொல்வாங்க, 20 நிமிஷம் பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப். நிஜமாவே சுரப்பு குறைஞ்சவங்க தினம் ஒரு தடவை சில நாள் பண்ணலாம், உங்களுக்கு இப்ப தேவையே இல்ல. தேவைக்கு மேல பம்ப் பண்ணி பால் அதிகமாயிடுச்சுன்னா அது வேற தொல்லை, பால் கட்டிக்கும், குழந்தைக்கு புரையேறும்.

இன்னொண்ணு, யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. பால் இறங்குற அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு காரணமே இல்லாம வயித்தைப் பிசையுற மாதிரி சோகம் வரும், அப்புறம் தானா போயிடும். டி-மெர்னு அதுக்கு பேரே இருக்கு, பால் இறங்கும்போது டோபமின்ங்கற மூளை ரசாயனம் திடீர்னு குறையறதால வருதுன்னு சொல்றாங்க, மன பலவீனம் இல்ல. ஆனா நாள் முழுக்க சோகமா இருந்தா, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்கு தூக்கம் வரலன்னா, ரெண்டு வாரத்துக்கு மேல அப்படியே இருந்தா டாக்டர் கிட்ட பேசியே ஆகணும். பாலை விட நீங்க முக்கியம். ஃபார்முலா பத்தியும் சொல்லிடறேன், உங்க எடை கணக்குப்படி இப்ப வேண்டாம், ஆனா என்னைக்காவது தேவைப்பட்டு குடுத்தா அதுல குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்ல. தைராய்டு பிரச்சனை, பிரசவத்துல ரொம்ப ரத்தம் போனது, மார்புல பால் சுரக்குற திசுவே குறைவா இருக்கறது, நஞ்சுக்கொடி ஒரு துண்டு கர்ப்பப்பைக்குள்ளேயே தங்கிட்டது, இப்படி எல்லாம் இருந்தா எவ்வளவு முயற்சி பண்ணாலும் பால் முழுசா வராம போகலாம், அந்த அம்மாக்களை யாரும் குறை சொல்லக் கூடாது.

அப்பா_ஆன்_டியூட்டி:

சிஸ்டர், நான் ஒரு அப்பா. என் மனைவி வேலைக்கு போனப்ப பகல் பாட்டில் என் பொறுப்பு. அளவு பத்தி கேட்டீங்க. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை ஒரு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரியா 750, 800 மில்லி தான் குடிக்கும், ஃபார்முலா மாதிரி வயசு ஏற ஏற அளவு ஏத்திட்டே போக வேண்டியது இல்ல. மணிக்கு 30 மில்லி சொச்சம்னு வெச்சா ஒன்பது மணி நேரத்துக்கு 300ல இருந்து 350. அதை ஒரே பாட்டில்ல ஊத்தாதீங்க, 90, 100ன்னு பிரிங்க, மிச்சம் வெச்சா வீணாகறது கம்மி. ஃப்ரீசர் நிறைய சேக்கணும்னு அவசியம் இல்ல, முதல் நாளுக்கும் கூட ஒரு நாளுக்கும் இருந்தா போதும், அப்புறம் இன்னைக்கு ஆபீஸ்ல எடுக்குறது நாளைக்கு குழந்தைக்கு. ஆபீஸ்ல மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தா போதும்.

பாட்டிலைக் குடுக்குற விதம் ரொம்ப முக்கியம், இதை நான் எல்லா அப்பாக்களுக்கும் சொல்வேன். படுக்க வெச்சு பாட்டிலைக் கவுத்தா பால் தானா கொட்டும், குழந்தை வேற வழி இல்லாம முழுங்கும், 150 மில்லி காலி ஆயிடும், உடனே "பாத்தியா உன் பால் பத்தல"ன்னு அம்மாவைப் பாத்து சொல்லிடுவாங்க. குழந்தையை நல்லா நிமித்தி உக்கார வெச்சு, பாட்டிலைப் படுக்கைவசமா பிடிச்சு, மெதுவா வர்ற நிப்பிள் போட்டு, நாலஞ்சு மடக்குக்கு ஒரு தடவை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சு வாங்க விடுங்க. பதினஞ்சு இருபது நிமிஷம் ஆகட்டும். மார்புல குடிக்கிற வேகத்துக்கு பழகின குழந்தை அப்ப தான் திரும்ப உங்க கிட்ட வந்தாலும் குழப்பம் இல்லாம குடிக்கும்.

வேலைக்கு போற அன்னைக்கு முதல் பாட்டிலை நீட்டாதீங்க. லாட்ச் சரியானதும் வாரத்துல ரெண்டு மூணு தடவை பழக்குங்க, அம்மா அந்த ரூம்லயே இருக்க வேண்டாம், உங்க வாசனை வந்தா பாட்டிலைத் தொடாது. பம்ப் பாகங்களைக் கழுவுறதையும் வீட்டுக்காரர் கிட்ட விடுங்க, ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு தனி பாத்திரத்துல, ரெண்டு மாசத்துக்கு கீழ இருக்குற குழந்தைன்னா தினம் ஒரு தடவை கொதிக்க வைக்கணும். காத்து போற ட்யூப்பை மட்டும் நனைக்க வேண்டாம்.

மழலைமொழி:

எல்லாருக்கும் நன்றி, படிச்சுட்டு இன்னும் அழுதேன், ஆனா இது வேற அழுகை. காம்பை அளந்தேன், 16 தான் வருது, நான் போட்டுட்டு இருந்தது 24! சின்ன இன்சர்ட் ஆர்டர் போட்டாச்சு. நிமிர்ந்து உக்காந்து மூக்குக்கு நேரா பிடிச்சதுல வலதுல வலியே இல்ல, இடதுல இன்னும் பழகணும்.

ஆனா நேத்து ராத்திரி முதல் தடவையா நாலு மணி நேரம் தூங்கிட்டா, இன்னைக்கு வலது பக்கம் அக்குள் கிட்ட ஒரு இடம் கட்டியா வலிக்குது, லேசா சிவந்திருக்கு, காய்ச்சல் இல்ல. நல்லா அமுக்கி நீவி விட்டு, சுடு ஒத்தடம் குடுத்து, பம்ப்ல முழுசா காலி பண்ணிடுன்னு சொல்றாங்க. பண்ணவா?

வெண்பா_நர்ஸ்:

அமுக்கி நீவாதீங்கம்மா! பழைய காலத்துல அப்படித்தான் சொல்லிட்டு இருந்தோம், 2022ல அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின்ங்கற மருத்துவர்கள் அமைப்போட வழிகாட்டியே மாறிடுச்சு. அங்க அடைச்சுட்டு நிக்கிற பால் கட்டி எதுவும் இல்ல, பால் நாளத்தைச் சுத்தி இருக்குற திசு வீங்கி அது நாளத்தை நெருக்குது. அதை அழுத்தி நீவினா வீக்கம் கூடும், திசு காயப்படும். காலி பண்ணணும்னு பம்ப்ல எடுத்துட்டே இருந்தா இன்னும் சுரக்கும், இன்னும் வீங்கும்.

வழக்கம்போல பாப்பாவுக்கு குடுங்க, ரெண்டு பக்கமும், பசிக்கிறப்ப. அந்த பால் அவளுக்கு ஒண்ணும் செய்யாது. வலிக்கிற இடத்துல, துணியில சுத்தி குளிர் ஒத்தடம் 10, 15 நிமிஷம் வைங்க. வலிக்கு ஐபுபுரூஃபன் தாய்ப்பால் குடுக்கும்போது எடுக்கலாம், உங்களுக்கு அல்சர், கிட்னி பிரச்சனை எதுவும் இல்லன்னா, டாக்டர் சொன்ன அளவுல. மார்பை இறுக்காத உள்ளாடை போடுங்க. அக்குள் பக்கமா மேல் தோலை மட்டும், பூனையைத் தடவுற அளவுக்கு லேசா, வருடி விடலாம், அது நிணநீர் வடியறதுக்கு. காம்பைச் சுத்தி இருக்குற இடம் கெட்டியா ஆகி அவளால கவ்வ முடியலன்னா, காம்பைச் சுத்தி விரல் நுனியால ஒரு நிமிஷம் உள்நோக்கி மெதுவா அழுத்திட்டு அப்புறம் வைங்க.

24 மணி நேரத்துல குறையலன்னா, காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸ் தாண்டினா, குளிர் நடுக்கம், உடம்பு வலி வந்தா, சிவப்பு பரவினா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். அப்பவும் பால் குடுக்குறதை நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்தினா தான் சீழ் பிடிக்கிற அளவுக்கு போகும்.

மழலைமொழி:

நல்லவேளை கேட்டேன். குளிர் ஒத்தடம் வெச்சதுலயே இழுப்பு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு. ஒரே ஒரு கடைசி கேள்வி, எடுத்த பாலை எவ்வளவு நேரம் வெக்கலாம்? ஃப்ரீசர்ல வெச்சு எடுத்த பால்ல சோப்பு வாசனை வருதுன்னு படிச்சேன், கெட்டுப் போனதா அது?

பம்ப்மட்டும்_அம்மா:

வெளிய 25 டிகிரி வரைக்கும்னா 4 மணி நேரம், வெயில் காலத்துல அவ்வளவு கூட வேண்டாம், எடுத்ததும் உள்ள வெச்சுடுங்க. ஃப்ரிட்ஜ்ல 4 நாள், கதவுல வெக்காம உள்ளே பின்பக்கமா. ஃப்ரீசர்ல 6 மாசத்துக்குள்ள குடுத்துட்டா நல்லது. புதுசா எடுத்த சூடான பாலை நேரா குளிர்ந்த பால்ல ஊத்தாம தனியா ஆற வெச்சு அப்புறம் சேருங்க. பையில 60, 90 மில்லின்னு போட்டு தேதி எழுதி தட்டையா படுக்க வெச்சு உறைய விட்டா சீக்கிரம் உருகும், இடமும் மிச்சம். உருகின பால் ஃப்ரிட்ஜ்ல 24 மணி நேரம், திரும்ப உறைய வெக்கக் கூடாது. மைக்ரோவேவ்ல வைக்கவே வைக்காதீங்க, அங்கங்க மட்டும் கொதிச்சு குழந்தை வாய் சுட்டுடும், வெதுவெதுப்பான தண்ணில பாட்டிலை நிக்க வைங்க. வாய் வெச்ச பாட்டில்ல மிச்சம் இருந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுக்கலாம், அப்புறம் கொட்டிடுங்க. மேல கொழுப்பு தனியா படிஞ்சு நின்னா கெட்டதில்ல, சுழட்டி விட்டா கலந்துடும்.

சோப்பு வாசனை லைபேஸ்ங்கற என்சைம் கொழுப்பை உடைக்கிறதால வருது. பால் கெடல, குழந்தைக்கு ஆபத்து இல்ல, சில குழந்தைங்க அப்படியே குடிக்கும், சிலது முகத்தைத் திருப்பிக்கும். புளிச்ச வாடை அடிச்சா அது தான் கெட்டது. உங்க பால் அப்படி ஆகுமான்னு தெரிஞ்சுக்க ரெண்டு பை மட்டும் உறைய வெச்சு ஒரு வாரம் கழிச்சு உருக்கிப் பாருங்க, பாப்பாவுக்கும் குடுத்துப் பாருங்க. அவ வேண்டாம்னு சொன்னா, அடுத்து எடுக்குற பாலை உறைய வெக்கிறதுக்கு முன்னாடி அடுப்புல ஓரத்துல குமிழி வர்ற வரைக்கும் மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாம இறக்கி, உடனே ஆற வெச்சு உள்ள வைங்க. இந்த சோதனையைப் பண்ணாம ஃப்ரீசரை மட்டும் நிரப்பிடாதீங்க.